பதிவேடும் செவியும்: ஜப்பானிய மொழிப்பள்ளிகளில் மாணவர் ஆற்றுப்படுத்தல்

ஜப்பானில் உயர்கல்வி பெற விரும்பும் வெளிநாட்டு இளைஞர்களில் பலர் முதலில் சென்று சேரும் இடம் 'நிஹோங்கோ கக்கோ' எனப்படும் மொழிப்பள்ளியாகும். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி ஆகிய நான்கு பருவங்களில் மாணவர்களைச் சேர்க்கும் இப்பள்ளிகள், அதிகபட்சம் 2 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 760 பாடவேளைகளுக்குக் குறையாமல், ஒரு வகுப்பில் 20 பேருக்கு மிகாமல் வைத்துக் கற்பிக்க வேண்டும் என்பது விதி. 2024 மே மாதக் கணக்கின்படி ஜப்பானில் இருந்த 3,36,708 வெளிநாட்டு மாணவர்களில் 1 இலட்சத்து 7 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மொழிப்பள்ளி மாணவர்களே. சீனா, நேபாளம், வியட்நாம், மியான்மர், இலங்கை எனப் பல நாடுகளிலிருந்து வரும் இவர்களில் பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்கள். ஊரில் பெரியவர்களாக மதிக்கப்பட்டவர்கள், விமானத்தை விட்டு இறங்கிய நாளிலிருந்து மருந்துக் கடையில் வலியைச் சொல்லவும் வழியில்லாதவர்களாகிவிடுகிறார்கள். இத்தகையோருக்கு யார் துணை நிற்கிறார்கள், எந்த அதிகாரத்தோடு நிற்கிறார்கள், எந்த மொழியில் பேசுகிறார்கள் என்னும் கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

இங்கு ஆளப்படும் 'ஆற்றுப்படுத்தல்' என்ற சொல், மனத்துயர் கொண்டவரோடு உரையாடி அவர் தம் நிலையைத் தாமே தெளிந்து வழிகாணத் துணைபுரியும் தொழில்முறைப் பணியைக் குறிக்கிறது. ஜப்பானிய மொழிப்பள்ளிகளின் நடைமுறையில் இதற்கு நேரான தனிச்சொல் வழங்குவதில்லை. அங்கு வழங்குபவை 'செய்காட்சு ஷிதோ' எனப்படும் வாழ்க்கை வழிகாட்டலும் 'ஷின்ரோ ஷிதோ' எனப்படும் மேற்படிப்பு, வேலை குறித்த வழிகாட்டலுமே. 'ஷிதோ' என்ற சொல்லில் வழிகாட்டும் பொருளும் கண்டித்துத் திருத்தும் பொருளும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. குப்பையை வகைபிரித்துப் போடக் கற்றுக்கொடுப்பதும், வகுப்புக்கு வராதவரை அழைத்து எச்சரிப்பதும், தற்கொலை எண்ணம் கொண்டவரிடம் பேசுவதும் இந்த ஒரே சொல்லின் கீழ் ஒரே மேசைக்கு வந்து சேர்கின்றன. மொழிப்பள்ளிகளில் மாணவர் நலம் குறித்த குழப்பங்களில் பெரும்பகுதி இந்தக் கலப்பிலிருந்தே பிறக்கிறது.

வரலாற்றில் இப்பணி பள்ளிகளைவிடத் தனிமனிதர்களின் தோளிலேயே தங்கியிருந்தது. 1896இல் சீனாவின் ச்சிங் அரசு அனுப்பிய 13 மாணவர்களைக் கற்பிக்கும் பொறுப்பு, ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பின்னர் நடத்திய கோபுன் கக்குயின் என்னும் பள்ளியில் 1902இல் சேர்ந்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் சீன இலக்கியத்தின் பேராளுமையாக உயர்ந்த லூ சூன். அங்கு மொழி கற்றபின் 1904இல் செண்டாய் மருத்துவப் பள்ளிக்குச் சென்ற அவருக்கு, உடற்கூற்றியல் ஆசிரியர் ஃபுஜினோ கென்குரோ, வகுப்புக் குறிப்பேட்டை வாங்கிப் பாடப் பிழைகளோடு இலக்கணப் பிழைகளையும் சிவப்பு மையால் திருத்தித் தந்ததை 1926இல் எழுதிய கட்டுரையில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆசிரியப் பரிவுக்கு எடுத்துக்காட்டாக இது பலராலும் சொல்லப்படுகிறது. ஆயினும் ஆற்றுப்படுத்தலைப் பற்றிச் சிந்திப்போர் கவனிக்க வேண்டியது அதே கட்டுரையின் பிற்பகுதியையாகும். மருத்துவப் படிப்பைக் கைவிட முடிவெடுத்த லூ சூன், ஆசிரியரின் வாடிய முகத்தைக் கண்டு, உயிரியல் படிக்கப் போவதாகவும் அவர் கற்பித்தது அதற்குப் பயன்படும் என்றும் உண்மையல்லாத ஓர் ஆறுதலைச் சொல்லி விடைபெற்றதாக ஒப்புக்கொள்கிறார். அத்தனை அன்பான ஆசிரியரிடமும் மாணவர் தம் மனத்தின் உண்மையான முடிவைச் சொல்லவில்லை. அன்பு மட்டும் இருந்தால் மாணவர் வாய் திறந்துவிடுவார் என்ற நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான பழஞ்சான்று கிடைப்பது அரிது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹொசுமி கோயிச்சி என்பவர் 1957இல் ஆசிய மாணவர் பண்பாட்டுச் சங்கத்தை நிறுவி, 1960இல் தோக்கியோவில் ஏ.பி.கே. எனப்படும் ஆசியப் பண்பாட்டு இல்லத்தைத் திறந்து, மாணவரோடு ஒரே கூரையின் கீழ் வாழும் விடுதி மரபொன்றை வளர்த்தார். அங்குத் தங்கிப் படித்துத் திரும்பியோரும், அவரது பொறுப்பில் தொடங்கிய ஏ.ஓ.டி.எஸ். என்னும் தொழிற்பயிற்சி அமைப்பின் பழைய மாணவர்களும் பல நாடுகளில் 'தோசோகாய்' எனப்படும் பழைய மாணவர் சங்கங்களை அமைத்தனர். சென்னையில் ஜப்பானிய மொழி கற்பித்துவரும் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் அம்மரபின் ஒரு கிளையே.

மொழிப்பள்ளிகள் பெருந்தொழிலாக மாறியது 1980களில்தான். நகசோனே யசுஹிரோ தலைமையிலான அரசு 1983இல் ஒரு இலட்சம் வெளிநாட்டு மாணவர்கள் என்ற இலக்கை அறிவித்து, மொழி கற்க வருவோருக்கான அனுமதியை எளிதாக்கியதும், பள்ளிகள் காளான்போல் முளைத்தன. பணத்தைக் கட்டிவிட்டு அனுமதி கிடைக்காமல் ஏமாந்த சீன இளைஞர்கள் 1988 நவம்பரில் ஷாங்காய் ஜப்பானியத் துணைத்தூதரகத்தை முற்றுகையிட்ட நிகழ்வு அரசை அதிரவைத்தது. அடுத்த ஆண்டே பள்ளிகளின் தரத்தை மதிப்பிட ஜப்பானிய மொழிக்கல்வி மேம்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது. மாணவரின் துயரத்தை அரசு முதன்முதலில் பெரிய அளவில் எதிர்கொண்டது ஒரு குடிவரவுச் சிக்கலின் வடிவில்தான். அதன் விளைவாக, அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மொழிப்பள்ளிகளின் தகுதியை அளக்கும் முதன்மைக் கோலாகக் குடிவரவு நிருவாகத்தின் கோலே நீடித்தது.

மாணவர்களின் துயர்களில் பொருளாதாரமே அடித்தளம் என்பதை எண்களே காட்டும். மாணவர் தகுதியில் இருப்போர் தனி அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். நீண்ட விடுமுறைகளில் நாளுக்கு 8 மணி நேரம் வரை அனுமதி உண்டு. 2024 அக்டோபரில் தோக்கியோவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 1,163 யென் ஆனது. அவ்வூதியத்தில் விதியை மீறாத மாணவர் நான்கு வாரங்களில் ஈட்டக்கூடியதாக இருந்தது ஏறத்தாழ 1,30,000 யென். மணிக்கு 992 யென்னாக இருந்த ஃபுகுவோக்காவில் 1,11,000 யென். ஆண்டுக் கட்டணம் 7 முதல் 8 இலட்சம் யென் வரை இருக்கும் நிலையில், மாதத்துக்கு ஏறத்தாழ 60,000 யென்னோ அதற்கு மேலோ அதற்கே ஒதுக்க வேண்டும். பகிர்ந்துகொண்ட அறைக்கு 30,000 யென் என்று வைத்தாலும், உணவு, தொலைபேசி, மருத்துவக் காப்பீடு, போக்குவரத்து அனைத்துக்கும் தோக்கியோவில் எஞ்சியது ஏறத்தாழ 40,000 யென்னோ அதற்கும் குறைவோதான். ஊரில் தம்மைப் பள்ளியில் சேர்த்துவிடும் முகவருக்குக் கொடுப்பதற்காக வீட்டையோ நிலத்தையோ ஈடுவைத்து வாங்கிய கடனுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. முதலாண்டுக் கட்டணம் பொதுவாகப் புறப்படுமுன்பே செலுத்தப்பட்டுவிடுவதால், முதற்சில மாதங்களில் மாணவரும் பள்ளியும் எல்லாம் சரியாக இருப்பதாகவே நம்புகிறார்கள். இரண்டாம் ஆண்டுக் கட்டண அறிவிப்பு வரும் நாளில்தான் உண்மை நிலை வெளிப்படுகிறது. அந்த அறிவிப்புக்கு நான்கைந்து மாதங்களுக்கு முன்பே மாணவரோடு உட்கார்ந்து வரவுசெலவைத் தாளில் எழுதிப் பார்ப்பது எந்த உளவியல் நுட்பத்தையும்விடப் பயனுள்ள ஆற்றுப்படுத்தலாகும்.

பிற்பகல் வகுப்பொன்றின் பின்வரிசையைக் கற்பனை செய்து பார்த்தால் இப்பொருளாதாரம் உடலில் எப்படித் தெரிகிறது என்பது விளங்கும். பென்தோ எனப்படும் பொதிசோறு தயாரிக்கும் தொழிற்கூடத்தில் இரவு முழுவதும் நகரும் பட்டையின் முன் நின்று, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே இடத்தில் ஒரே ஊறுகாய்த் துண்டை வைத்துவிட்டு, விடியற்காலையில் நிறுவன வண்டியில் அறைக்குத் திரும்பி, நான்கு மணி நேரம் உறங்கியவர் அங்கு அமர்ந்திருக்கிறார். பெயர் அழைக்கப்படும்போது 'ஹாய்' என்று தெளிவாகவே பதில் சொல்கிறார். பதிவேட்டில் அவர் வந்தவர். பத்து நிமிடங்களில் பேனா காகிதத்தில் ஒரு நீண்ட கோட்டை இழுத்தபடி கையிலிருந்து நழுவுகிறது. பதிவேடு அந்தக் கோட்டை அறிவதில்லை. வகுப்பாசிரியர் மட்டுமே அறிவார். அவர் உடனே தட்டி எழுப்புவதா, உறங்கவிட்டு வகுப்பு முடிந்தபின் தனியே அழைப்பதா என்ற சிறு முடிவிலேயே ஆற்றுப்படுத்தலின் முதற்படி அடங்கியிருக்கிறது.

வருகைப்பதிவேடு மொழிப்பள்ளியில் பெற்றிருக்கும் இடம் வேறு எந்தக் கல்விக்கூடத்திலும் காண முடியாதது. மாணவரின் மாத வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பள்ளி அவரை அழைத்துத் திருத்தும் வழிகாட்டலை அளித்து அதைப் பதிவுசெய்ய வேண்டும் என்றும், 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் குடிவரவு நிருவாகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றும் குடிவரவுத் துறையின் அளவுகோல்கள் வகுத்தன. தக்க காரணமின்றி 3 மாதங்கள் கல்வியில் ஈடுபடாதவரின் வசிப்புத் தகுதி, அதாவது அந்நாட்டில் தங்கியிருப்பதற்கான சட்ட அனுமதி, பறிக்கப்படலாம். இதன் மறுபக்கத்தில், தங்கும் காலம் கடந்தும் தங்கிவிடுவோர் முதலிய சிக்கலுக்குரிய மாணவர்களின் விகிதம் 5 விழுக்காட்டுக்குள் இருக்கும் பள்ளிகள் 'முறையான பள்ளி' என வகைப்படுத்தப்பட்டு, புதிய மாணவருக்கான ஆவணச் சுமையில் சலுகை பெறுகின்றன. காணாமற்போகும் ஒவ்வொரு மாணவரும் பள்ளியின் அடுத்த பருவச் சேர்க்கையைப் பாதிக்கிறார் என்பதே இதன் பொருள். இதில் கண்காணிப்பின் தேவையை மறுப்பதற்கில்லை. வகுப்பே நடத்தாமல் அனுமதி விற்ற பள்ளிகளின் காலம் ஒன்று இருந்தது. ஆனால் மாணவரின் நலிவு பள்ளியின் இழப்பாக மாறும் இந்த அமைப்பில், 'ஏன் வரவில்லை' என்று ஆசிரியர் கேட்கும் கேள்வி பரிவிலிருந்து வருகிறதா பயத்திலிருந்து வருகிறதா என்பதை மாணவரால் பிரித்தறிய முடியாது. பல வேளைகளில் ஆசிரியராலேயே பிரித்தறிய முடிவதில்லை.

இந்த அமைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஃபுகுவோக்காவின் ஒரு மொழிப்பள்ளி கசப்பான சான்றாயிற்று. 2021இல் அங்குப் பயின்ற வியட்நாம் மாணவர் ஒருவரைப் பள்ளி ஊழியர் சங்கிலியால் பிணைத்தது வெளியுலகுக்குத் தெரியவந்தபின், 2022 செப்டம்பரில் குடிவரவு முகமை அப்பள்ளி 5 ஆண்டுகளுக்குப் புதிய மாணவர்களை ஏற்க முடியாதபடி நடவடிக்கை எடுத்தது. ஒரு தனிமனிதரின் கொடுமையென்று அதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மாணவரைக் காப்பதையும் மாணவர் ஓடிவிடாமல் காவல் காப்பதையும் ஒருவரே செய்ய வேண்டிய வேலைப் பகிர்வு மாறாதவரை, சங்கிலியில்லாத சிறு வடிவங்களில் அதே மனநிலை தொடரவே செய்யும்.

மறுமுனையில் நிற்பது இலங்கையைச் சேர்ந்த விஷ்மா சந்தமாலியின் வாழ்வு. 2017 ஜூனில் மாணவர் தகுதியுடன் ஜப்பானுக்கு வந்து சிபா மாவட்டத்து மொழிப்பள்ளியொன்றில் சேர்ந்த அவர், பின்னர் பள்ளியிலிருந்து விலகி, வசிப்புத் தகுதியையும் இழந்தார். உடன் வாழ்ந்தவரின் வன்முறையிலிருந்து தப்பி 2020 ஆகஸ்டில் காவல்துறையை நாடியபோது, தகுதியின்றித் தங்கியவராகவே கைது செய்யப்பட்டு, நகோயா குடிவரவுத் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டு, 2021 மார்ச் 6 அன்று தமது 33ஆம் வயதில் அங்கேயே உயிரிழந்தார். அதன்பின் எழுந்த பெரும் விவாதம் தடுப்புக்காவலின் மருத்துவப் புறக்கணிப்பைப் பற்றியதாக அமைந்தது. அது முற்றிலும் நியாயமே. ஆனால் மொழிப்பள்ளிகளைப் பற்றி ஆராய்வோர், அக்கதையின் இறுதியிலிருந்து பின்னோக்கிச் சென்று, ஒரு மாணவி வகுப்புக்கு வருவது நின்றுபோகும் அந்த வாரங்களில் நிற்க வேண்டும். பள்ளியோடு தொடர்பு அறுந்தவருக்குச் சட்டத்தின் கண்ணில் இருப்பது மீறல் மட்டுமே. அவருடைய அச்சங்களையும் கடன்களையும் உறவுகளையும் கேட்டறியும் அமைப்பு எதுவும் அதற்குப் பின் தானாக அவரைத் தேடி வருவதில்லை. வருகை விகிதம் சரிவது குற்றத்தின் தொடக்கமாக அன்றி நோயின் முதல் அறிகுறியாகப் படிக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

உளவியல் ஆய்வுகள் இத்துறைக்கு அளித்தவற்றில் பரவலாக அறியப்பட்டது, நார்வே ஆய்வாளர் ஸ்வெர்ரே லிஸ்கோர் 1955இல் முன்வைத்த 'யு' வடிவ வளைவாகும். வெளிநாடு செல்வோர் முதலில் மகிழ்ச்சியின் உச்சியிலிருந்து, சில மாதங்களில் தாழ்ந்து, பின் மெல்ல மீள்கிறார்கள் என்பது அதன் சாரம். கலெர்வோ ஓபெர்க் 1960இல் விளக்கிய 'பண்பாட்டு அதிர்ச்சி'யும் முதற்கட்டத் தேனிலவைப் பற்றிப் பேசியது. மொழிப்பள்ளிகளின் அறிமுக வகுப்புகள் பலவும் இன்றுவரை இந்த வளைவையே நம்பி, வந்த புதிதில் விதிகளை மட்டும் சொல்லிவிட்டு, மனநலப் பேச்சைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. ஆனால் கோலீன் வார்டும் பிறரும் நியூசிலாந்துக்குச் சென்ற ஜப்பானிய மாணவர்களை வந்திறங்கிய 24 மணி நேரத்திலிருந்து ஓராண்டு வரை தொடர்ந்து ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வு, தேனிலவைக் காணவில்லை. மனச்சோர்வும் தடுமாற்றமும் மிகுந்திருந்தது வந்த புதிதில்தான். ஜப்பானியரே அயலாராக இருந்து பெற்ற இந்த அறிவு, ஜப்பானுக்கு வரும் அயலாருக்குப் பயன்பட வேண்டும். விமான நிலையத்திலிருந்து அறைக்கும், அறையிலிருந்து 14 நாள்களுக்குள் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டிய நகராட்சி அலுவலகத்துக்கும், அங்கிருந்து வங்கிக்கும் மாணவரை அழைத்துச் செல்லும் ஊழியர், அந்த முதல் வாரத்தில் வெறும் வழித்துணையல்லர். மாணவர் வாழ்வின் மிகக் கடினமான நாள்களில் உடனிருக்கும் ஒரே மனிதர்.

அந்த முதல் வாரத்திலேயே மாணவர் கற்றுக்கொள்ளும் சொற்களில் ஒன்று 'தைஜோபு'. 'பரவாயில்லை', 'நலமே', 'வேண்டாம்', 'சமாளித்துக்கொள்வேன்' என எல்லாப் பொருளுக்கும் வளைந்துகொடுக்கும் இச்சொல், மொழி அறியாதவருக்குப் பெரிய வரம். அதே காரணத்தால் ஆற்றுப்படுத்துவோருக்கு அது பெரிய தடை. ஆசிரியர் 'தைஜோபு தெசு கா?' என்று கேட்கிறார். மாணவர் 'தைஜோபு தெசு' என்கிறார். நேர்காணல் தாளில் 'சிக்கல் இல்லை' என்று எழுதப்படுகிறது. கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்கும் இந்த முறையைக் கைவிட்டு, நேற்று எத்தனை மணிக்கு உறங்கினீர்கள், கடைசியாகச் சமைத்தது என்ன, வீட்டில் கடைசியாகப் பேசியது யாரிடம் என்று எளிய சொற்களில், காலமும் பொருளும் குறித்துக் கேட்பது நல்ல பலன் தருகிறது. 1995இல் கோபே பகுதியைத் தாக்கிய பெருநிலநடுக்கத்தில் வெளிநாட்டவர் அறிவிப்புகள் புரியாமல் தவித்ததிலிருந்து, ஹிரோசாக்கி பல்கலைக்கழகத்தின் சாதோ கசுயுகி முன்னெடுத்த ஆய்வுகளால் 'யாசாஷீ நிஹோங்கோ', அதாவது எளிய ஜப்பானியம், என்னும் முறை உருவானது. 2020இல் அரசே அதற்கான வழிகாட்டுக் குறிப்பை வெளியிட்டது. பேரிடர் அறிவிப்புக்குப் பிறந்த இந்தக் கலையை நேர்காணல் அறைக்குள் கொண்டுவருவது மொழியாசிரியர்களுக்கு இயல்பாகவே கைவரும். ஆயினும் துயரத்தின் ஆழத்தை அயல்மொழியின் தொடக்கநிலை இலக்கணத்தில் சொல்லிவிட முடியாது; தாய்மொழியில் பேசும் ஒருவர் தேவைப்படும் கட்டம் கட்டாயம் வரும்.

பல பள்ளிகள் இத்தேவைக்காக நேபாளி, வியட்நாமிய, சீன ஊழியர்களை அமர்த்தியுள்ளன. பெரும்பாலும் அவர்களும் ஒரு காலத்தில் மொழிப்பள்ளி மாணவர்களே. இவர்கள் செய்யும் தொண்டு அளவிடற்கரியது. நள்ளிரவில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால் ஓடுவதும், வீட்டு உரிமையாளரிடம் மன்னிப்புக் கேட்பதும் அவர்கள்தான். ஆனால் இதே ஊழியர் பல இடங்களில் சேர்க்கைப் பணியையும் கவனிக்கிறார். மாணவரின் ஊர் முகவரோடும் தொடர்பில் இருக்கிறார். முகவருக்குக் கொடுத்த பணத்தைப் பற்றிய குறையை அவரிடமே எப்படிச் சொல்வது? சிறிய சமூகத்துக்குள் செய்தி எவ்வளவு விரைவாகத் தாய்தந்தையின் காதுக்குப் போகும் என்பதை மாணவர் நன்றாகவே அறிவார். கருவுற்ற மாணவி, கடன்காரனால் மிரட்டப்படுபவர், வேலையிடத்தில் பாலியல் சீண்டலுக்கு ஆளானவர் ஆகியோருக்குத் தாய்மொழி பேசும் தம்மவரைவிட, தாய்மொழி பேசும் அயலவரே, அதாவது பள்ளிக்கு வெளியே நிற்கும் மொழிபெயர்ப்பாளரே, சில வேளைகளில் பாதுகாப்பான செவியாகிறார்.

ஜப்பானின் பொதுப்பள்ளிகள் இந்த உண்மையை எப்போதோ கண்டுகொண்டன. கல்வி அமைச்சு 1995இல் பள்ளி ஆலோசகர் திட்டத்தைத் தொடங்கியபோது, மதிப்பெண் இடாத, தண்டிக்காத, பள்ளி நிருவாகத்துக்கு வெளியிலிருந்து வரும் நிபுணர் என்பதாலேயே குழந்தைகள் அவரிடம் பேசுவார்கள் என்று கருதினர். 'புறத்தன்மை' என்ற சொல் அத்திட்டத்தின் அச்சாணியாயிற்று. வாரத்தில் ஒரு நாளோ சில மணி நேரமோ வந்துபோகும் அவ்வாலோசகர் ஜப்பானியப் பள்ளி வாழ்வின் பழகிய முகமாகிவிட்டார். மொழிப்பள்ளி மாணவருக்கு மட்டும் அவர் வரவில்லை. பெரும்பாலான மொழிப்பள்ளிகள் பள்ளிக்கல்விச் சட்டம் வகுக்கும் பள்ளிகள் அல்ல. அவற்றில் பல பங்கு நிறுவனங்களாலேயே நடத்தப்படுகின்றன. அத்தகைய பள்ளியின் மாணவர் இரயிலில் மாணவர் சலுகைப் பயணச்சீட்டும் பெற முடியாதவர். பெயரில் மாணவராகவும் சலுகைகளில் மாணவரல்லாதவராகவும் இருக்கும் இந்த நிலை பயணக் கட்டணத்தோடு நின்றுவிடவில்லை, மனநலப் பாதுகாப்பு வரைக்கும் நீண்டது.

இவ்விடைவெளியை வெளியமைப்புகள் ஓரளவு நிரப்புகின்றன. 2020 ஜூலையில் தோக்கியோவின் யோட்சுயாவில் திறக்கப்பட்ட வெளிநாட்டவர் ஆதரவு மையம், குடிவரவு, வேலை, சட்டம் ஆகிய பல துறைகளின் ஆலோசனையை ஒரே கட்டடத்துக்குக் கொண்டுவந்தது. 1973இல் தொடங்கிய டெல் என்னும் அமைப்பு ஆங்கிலத்தில் தொலைபேசி ஆறுதல் அளிக்கிறது. 'யோரிசோய்' என்னும் உதவித் தொலைபேசி பல மொழிகளில் பேசுகிறது. வியட்நாமிய மாணவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும், சைத்தாமாவின் ஹோஞ்சோ நகரிலுள்ள தைஒன்ஜி கோயிலில் பிக்குணி திக் தாம் சீ அளித்துவரும் அடைக்கலம் நாடறிந்தது. கொரோனாப் பெருந்தொற்றால் வேலையும் இருப்பிடமும் இழந்த பலர் அங்குத் தங்க இடம் பெற்றனர். ஆற்றுப்படுத்தலை அறைக்குள் நடக்கும் உரையாடலோடு நிறுத்தாமல், மாணவருக்காகப் பரிந்து பேசுவதையும் நிறுவனங்களை இணைப்பதையும் ஆலோசகரின் கடமையாக விரித்துரைத்த உளவியலாளர் இனோஉவே தகாயோவின் 'பேரளவு ஆற்றுப்படுத்தல்' என்னும் கருத்து, மொழிப்பள்ளிச் சூழலுக்கே எழுதப்பட்டதுபோல் பொருந்துகிறது. ஊதியம் பிடிக்கப்பட்ட மாணவருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுப்பது துணையாகாது. தொழில்தர ஆய்வு அலுவலகத்துக்கு அவரோடு நடந்து செல்வதே துணை. வேலைச் சட்டம் பகுதிநேர மாணவரையும் காக்கிறது என்பதே பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை.

சக மாணவர் துணையைப் பற்றி இத்துறையில் நம்பிக்கை மிகுதி. அதற்குக் காரணமும் உண்டு. பரிசில் பெற்று மீளும் பாணன் எதிர்ப்படும் வறிய பாணனுக்குத் தான் சென்ற வழியையும் கொடையாளியின் இயல்பையும் எடுத்துரைப்பதாக அமைந்த ஆற்றுப்படை மரபைத் தமிழர் அறிவர். மொழிப்பள்ளியின் 'சென்பாய்', அதாவது மூத்த மாணவர், புதியவருக்குச் செய்வது ஏறக்குறைய இதுவே. எந்தக் கடையில் அரிசி மலிவு, எந்த மேலாளர் ஊதியத்தை ஒழுங்காகத் தருவார், எந்த மருத்துவர் பொறுமையாகக் கேட்பார் என்னும் அறிவு வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் வாரம் 28 மணி நேரத்தைத் தாண்ட இரண்டு இடங்களில் வேலை பார்க்கும் உபாயமும், சிலவேளைகளில் வங்கிக் கணக்கை விற்றுப் பணம் பண்ணும் ஆபத்தான உபாயமும் இதே வழியாகத்தான் கைமாறுகின்றன. பயிற்சியும் சிறு ஊதியமும் அளித்து, எதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்ற வரையறையையும் கற்பித்தால் மட்டுமே சென்பாயின் துணை பாதுகாப்பானதாகும்.

மேற்படிப்பு வழிகாட்டலில் பள்ளிகள் பொதுவாகத் திறமையானவை; அதைப் பற்றி இங்கு நீட்டிக்கத் தேவையில்லை. ஜூனிலும் நவம்பரிலும் நடக்கும் வெளிநாட்டு மாணவர் தேர்வு, ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் மொழித்திறன் தேர்வு, விண்ணப்பக் காரணவுரை, நேர்முகப் பயிற்சி என ஆண்டு முழுவதும் ஓர் ஒழுங்கில் நகர்கிறது. குறிப்பிட்ட திறனாளர் என்னும் வேலைத் தகுதி 2019 ஏப்ரலில் உருவானபின், படிப்பைத் தொடரும் கட்டாயமின்றி முதியோர் பராமரிப்பு, உணவகம் போன்ற துறைகளுக்கு மாறும் வழியும் திறந்தது. இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றே: தொழிற்கல்லூரியில் சேர்வது மாணவரின் விருப்பமா, வசிப்புத் தகுதியை நீட்டிக்கும் ஒரே வழியா என்பதைப் பிரித்துக் கேட்க நேரம் ஒதுக்கும் ஆசிரியர்கள் குறைவு. தகுதிக்காக மட்டும் சேர்ந்த படிப்பு இரண்டாம் முறையாக அதே கடனையும் அதே உறக்கமின்மையையும் கொண்டுவருகிறது.

உண்மையில் இப்பணியின் பாதி, மாணவர் புறப்படுமுன்பே முடிந்திருக்க வேண்டியது. 28 மணி நேரக் கணக்கையும், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தையும், தொடக்கநிலை மொழியோடு கிடைக்கும் வேலையின் தன்மையையும் தாய்மொழியில், முகவர் இல்லாத அறையில், பெற்றோரையும் வைத்துக்கொண்டு விளக்குவோர் காட்மாண்டுவிலும் கொழும்பிலும் சென்னையிலும் பெருக வேண்டும். போய்த் திரும்பியவர்களின் சங்கங்கள் உள்ள ஊர்களுக்கு இது எட்டாத காரியமன்று. மொழி கற்பிக்கும் அதே மேசையில் கணக்கையும் கற்பிக்கலாம்.

2023 மே மாதம் நிறைவேறி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய மொழிக்கல்வி நிறுவன ஏற்புச் சட்டம், மொழிப்பள்ளிகளின் தகுதியை முடிவுசெய்யும் பொறுப்பைக் கல்வி அமைச்சுக்கு மாற்றியதோடு, 'பதிவுபெற்ற ஜப்பானிய மொழி ஆசிரியர்' என்னும் நாட்டளாவிய தகுதியையும் உருவாக்கியது. 2024 அக்டோபரில் வெளியான முதற்சுற்று முடிவில், விண்ணப்பித்த 72 நிறுவனங்களில் 22 மட்டுமே ஏற்கப்பட்டன என்பது புதிய தேர்வின் கடுமையைக் காட்டுகிறது. மொழிப்பள்ளி வரலாற்றில் மாணவர் நலத்தைக் கல்வியின் கோலால் அளக்கக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு இது. ஆசிரியருக்குத் தேசியத் தகுதி வந்ததுபோல் ஆலோசகருக்கும் ஒரு தகுதி வரையறை வேண்டும் என்பதும், நூறு மாணவர்களைக்கூட எட்டாத சிறு பள்ளிகள் தனித்தனியே ஆலோசகரை அமர்த்த முடியாதாகையால் ஒரு நகரத்தின் நான்கைந்து பள்ளிகள் சேர்ந்து ஒருவரைப் பகிர்ந்துகொள்ள வழி செய்ய வேண்டும் என்பதும் உடனே செய்யக்கூடியவை. அவ்வாலோசகர் எழுதும் குறிப்புகள் வருகைப்பதிவேடு இருக்கும் அலமாரியில் இருக்கக் கூடாது. அவற்றின் சாவி பள்ளி முதல்வரிடமும் இருக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர வேறெந்தக் காரணத்துக்காகவும் அக்குறிப்புகள் குடிவரவு அலுவலகத்துக்குப் போகா என்பது, சேர்ந்த முதல் நாளிலேயே, மாணவரின் தாய்மொழியில் எழுதி அவர் கையில் தரப்பட வேண்டும்.